பதினொரு மாரிகளும் பதினேழாவது ஷரத்தும்

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட சாபிருக்கு ஒரு காலைப் பொழுது முழுக்கப் பிடித்தது. அதைப் படிக்க ஒரு நிமிடம்கூடப் பிடிக்கவில்லை. படித்தால்தானே பிடிக்கும்.

ஒவ்வொரு தாளின் அடியிலும் ஒரு கையெழுத்து. கடைசித் தாளில் ரப்பர் ஸ்டாம்பு. எல்லாம் இங்கிலீஷில் இருந்தது. முடித்துவிட்டு விரல்களைச் சொடக்கெடுத்தபோது, காண்டிராக்டர் என்ற முறையில் தன் கடமை தீர்ந்தது என்று அவர் மனதார நம்பினார். அது மூன்று வருடத்துக்கு முந்தைய கதை.

2006, ஆடி மாதம். ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவரின் சட்டைப் பையில் செல்போன் அலறியது. கம்பெனி மேனேஜர் செழியன்.

“பாய், பதினேழாவது ஷரத்து ஞாபகம் இருக்குல்ல?”

“இல்லாம இருக்குமா சார்?” என்றார் சாபிர். அப்படி ஒரு ஷரத்து இருப்பதே அவருக்கு அந்த நொடியில்தான் தெரியும்.

“அப்பச் சரி. புதன்கிழமை சென்னையிலருந்து ஆடிட்டர் வாராக. எல்லாத்தையும் எடுத்து வச்சிருங்க.”

“எல்லாத்தையும்னா... எத சார்?”

செழியன் பெருமூச்சு விட்டது போனில் புயல் மாதிரி கேட்டது.

அச்சங்குளத்தில் இருந்த அந்தப் பட்டாசுக் கம்பெனியில் கிப்ட் பாக்ஸ் பேக்கிங் சாபிரின் காண்டிராக்ட். கம்பி மத்தாப்பு, தரைச் சக்கரம், புஸ்வாணம் என்று எல்லாம் தனித்தனி அறைகளிலிருந்து வந்து சேரும். சாபிரின் ஆட்களான இருபது பெண்கள் அவற்றை எண்ணி அடுக்கி, சிரிக்கிற குழந்தை படம் போட்ட மூடியைப் போட்டு மூடுவார்கள். இந்த வருடம் மும்பையில் மாடி மாடியாகக் கடை வைத்திருக்கும் ஒரு நிறுவனம் பெரிய ஆர்டர் கொடுத்திருந்தது. கூடவே ஒரு நிபந்தனையையும் கொடுத்திருந்தது. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதைவிட, பெட்டியை அடுக்கியவர் யார் என்பதற்கு அத்தாட்சி வேண்டும்.

செழியன் ஷரத்தைத் தமிழில் சொன்னார். ஒப்பந்ததாரர், தம் தொழிலாளர்களின் வருகைப் பதிவேடு, பயிற்சிப் பதிவேடு, விபத்துப் பதிவேடு எல்லாவற்றையும் உரிய படிவத்தில், பக்க எண்ணோடு, அடித்தல் திருத்தல் இல்லாமல் பராமரிக்க வேண்டும். கேட்ட மாத்திரத்தில் காட்ட வேண்டும். தவறினால் ஒப்பந்தம் ரத்து.

“ரத்துன்னா?”

“கருத்தப்பாண்டி காலையிலருந்து என் ரூம் வாசல்ல உக்காந்திருக்காரு. ஆப்பிள் வாங்கிட்டு வந்திருக்காரு. அம்புட்டுத்தான்.”

கருத்தப்பாண்டி சாபிரின் போட்டியாளர். பக்கத்துக் கம்பெனிகளில் பேக்கிங் எடுப்பவர். அவர் ஆப்பிள் வாங்கிப் போன இடத்தில் அடுத்த மாதம் வேறு யாருடைய காண்டிராக்டும் இருந்ததில்லை.

சாபிர் ஒற்றைச் செருப்போடு வண்டியைக் கிளப்பினார்.

*

சாபிரிடம் பதிவேடு இல்லாமல் இல்லை. இருந்தது. அதுதான் பிரச்சினை.

ஆள் கணக்கு எழுதும் செல்வலட்சுமி, ஒரு நீள நோட்டில் மூன்று வருடமாக ஒருநாள் விடாமல் எழுதி வைத்திருந்தாள். யார் வந்தார்கள், யார் வரவில்லை, ஏன் வரவில்லை, அன்றைக்கு என்ன நடந்தது, எல்லாம். கணக்கு எழுதச் சொன்னால் கணக்கை மட்டும் எழுத வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

சாபிர் நோட்டைப் புரட்டினார்.

‘மூக்குத்தி மாரி விரலில் ஸ்டேப்ளர் பின் அடித்துவிட்டது. அவளே வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டாள். கோழிக்கடை மாரி சிரித்ததால் சண்டை. பஸ்ஸைவிட்ட மாரி இன்றும் பஸ்ஸை விட்டாள். பாய் வந்தார். கத்தினார். போனார்.’

“என்ன செல்வலட்சுமி இது?”

“ரிஜிஸ்டர் பாய்.”

“இதுல எத்தன மாரிம்மா இருக்காக?”

“பதினொண்ணு.”

அதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை. இருக்கன்குடி மாரியம்மனிடம் வேண்டிப் பெற்ற பிள்ளைக்கு அம்மன் பெயரை வைக்காமல் வேறு யார் பெயரை வைப்பது? சுற்றுவட்டாரத்தில் எந்தத் தெருவில் நின்று மாரி என்று கூப்பிட்டாலும் நாலு கதவு திறக்கும். சாபிரின் இருபது பேரில் பதினொரு பேர் மாரியம்மாள். அதனால் மூக்குத்தி மாரி, கோழிக்கடை மாரி, டெய்லர் மாரி, செவத்த மாரி என்று ஆளுக்கொரு அடைமொழி.

“மெட்ராஸ் ஆடிட்டர் இதப் பாத்தா சிரிப்பாக” என்றார் சாபிர்.

“உள்ளதத்தான பாய் எளுதியிருக்கேன்.”

“அதான் சொல்லுதேன். உள்ளத யாரு கேட்டா? ரிஜிஸ்டர் கேக்காக.”

*

திருத்தங்கலில் ஒரு அச்சகத்துக்கு மாடியில் கோட்டைச்சாமி உட்கார்ந்திருந்தார். ஒரு காலத்தில் மில் ஆபீஸில் கிளார்க். இப்போது வட்டாரத்துக் காண்டிராக்டர்கள் அத்தனை பேருக்கும் கடந்தகாலம் தயாரித்துக் கொடுப்பவர். அவரிடம் சனிக்கிழமை சொன்னால் செவ்வாய்க்கிழமை மூன்று வருடப் பழைய ரிஜிஸ்டர் கிடைக்கும்.

தொழிலில் சுத்தம். ஒரே பேனாவில் எழுத மாட்டார். மழைக்காலத்துப் பக்கங்களை ஈரத்துணியில் லேசாக ஒற்றி எடுப்பார். மாதத்துக்கு ஒரு டீக் கறை. கறை வட்டம் ஒரே அளவாக இருந்தால் சந்தேகம் வரும் என்று வேறு வேறு கிளாஸ் வைத்திருந்தார். கைநாட்டுக்கு வீட்டில் ஆட்கள் உண்டு.

“விபத்து எத்தன போடட்டும் பாய்?”

“ஒண்ணும் வேண்டாம் அண்ணாச்சி. பயமா இருக்கு.”

“ஒண்ணுமே இல்லன்னா நம்ப மாட்டாக. வருசத்துக்கு ரெண்டு போடுதேன். சின்னதா. சிராய்ப்பு, தண்ணி வச்சுக் களுவுனோம், அந்த மாதிரி. ஒண்ணுல முதலுதவிப் பெட்டில பஞ்சு தீந்துபோச்சு, உடனே வாங்குனோம்னு எளுதிருதேன். தப்பு நடந்து திருத்துனதா இருந்தா ஆடிட்டருக்கு ரொம்பப் பிடிக்கும்.”

சாபிர் ஆட்களின் பட்டியலை நீட்டினார். கோட்டைச்சாமி மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். பட்டியல் முகத்தில் அறைந்ததுபோல் பின்வாங்கினார்.

“என்ன பாய், பதினோரு மாரியம்மா. இத எவன் நம்புவான்?”

“நெசமாவே பதினோரு பேரு இருக்காக அண்ணாச்சி.”

“இருக்கட்டும். நெசமா இருந்தாப் போதுமா? நெசம் மாதிரி இருக்க வேண்டாமா?”

பெயருக்கு எங்கே போவது? அதற்கும் கோட்டைச்சாமி அலையவில்லை. கீழே அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை மாதிரிகள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. மேலேயிருந்து பதினொரு பத்திரிகைகளை உருவினார். பதினொரு மணமகள்கள். ஹேமலதா, சுகன்யா, நித்யகலா, பிரபாவதி. படிவத்தில் ‘கல்வித் தகுதி’ என்று ஒரு கட்டம் இருந்தது. பத்திரிகையில் பெயருக்குப் பக்கத்திலேயே அதற்கும் பதில் இருந்தது. பார்த்து எழுதுபவன் யோசிக்கக் கூடாது என்பது கோட்டைச்சாமியின் தொழில் தர்மம். யோசிக்காமல் எழுதினார்.

*

செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் பேக்கிங் கொட்டகையில் பெயர் சூட்டு விழா நடந்தது. செல்வலட்சுமி பெயர்களை மட்டும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு வந்து வாசித்தாள்.

“மூக்குத்தி மாரி, நீ ஹேமலதா.”

மூக்குத்தி மாரி சோற்றுக் கையோடு நிமிர்ந்தாள். நாற்பதைத் தொடும் வயது. எட்டாவது வரை படித்தவள். வருடக்கணக்காக ஒரு வறட்டு இருமல் அவளோடு வேலைக்கு வந்து போய்க்கொண்டிருந்தது. “எனக்கு அந்தப் பேரு வேண்டாம். எங்க வீட்டுக்காரருக்கு முதல்ல பேசுன பொண்ணு பேரு ஹேமலதா.”

“ஒரு நாளைக்குத்தானக்கா.”

“ஒரு நாளைக்குன்னாலும் அவ பேருல நான் எதுக்குப் பெட்டி அடுக்கணும்?”

“எனக்கு என்ன பேரு?” என்றாள் கோழிக்கடை மாரி.

“பிரபாவதி.”

“நல்லாத்தான் இருக்கு. கோளி வாசம் அடிக்கல.”

பஸ்ஸைவிட்ட மாரிக்கு நித்யகலா என்று வந்தது. அதை அவள் நாலு தடவை சொல்லிப் பார்த்தாள். நாலு தடவையும் வேறு வேறு பெயராக வந்தது. கடைசியில் அவளை அன்றைக்கு லீவு போடச் சொல்லலாமா என்று யோசித்தார்கள்.

சாபிர் ஓரமாக நின்று கைகூப்பாத குறையாகச் சொன்னார். “தாயீ, நாளைக்கு ஒரு நாளு. காண்டிராக்ட் போச்சுன்னா எனக்கு மட்டுமில்ல, உங்களுக்கும் சீசன் போச்சு. கருத்தப்பாண்டி அவன் ஆளத்தான் கூட்டியாருவான்.”

அது எல்லாருக்கும் புரிந்தது. மூக்குத்தி மாரி மட்டும் கேட்டாள். “அப்ப இந்தக் கம்பெனியில மாரியம்மான்னு யாரும் வேலை பாக்கலையா பாய்?”

“பேப்பர்லதான பாக்கல. மத்தபடி நீங்கதான பாக்கீக.”

*

புதன்கிழமை வந்த ஆடிட்டருக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. பெயர் சிந்துஜா. தோளில் லேப்டாப், கழுத்தில் அடையாள அட்டை, கையில் கேள்விப் பட்டியல். ரிஜிஸ்டரைப் பக்கம் பக்கமாகப் பார்த்தாள். பக்க எண் சரி. தேதி சரி. அடித்தல் இல்லை. டீக் கறையைப் பார்த்து லேசாகப் புன்னகைத்தாள். பஞ்சு தீர்ந்துபோன பக்கத்தை போட்டோ எடுத்துக்கொண்டாள்.

சாபிருக்கு மூச்சு வந்தது.

“தொழிலாளர்கள்கிட்ட பேசலாமா?”

மூச்சு போனது.

சிந்துஜா நேராக மூக்குத்தி மாரியிடம் போனாள். “உங்க பேரு என்னங்க?”

“மா...”

செல்வலட்சுமி இருமினாள்.

“மா... மாத்தி மாத்திக் கேட்டாலும் ஹேமலதாதான் மேடம்.”

சிந்துஜா ரிஜிஸ்டரைப் பார்த்தாள். நெற்றி சுருங்கியது. “ஹேமலதா... பி.காமா?”

கொட்டகையில் ஒரு மத்தாப்புக் கட்டு நழுவி விழுந்த சத்தம் கேட்டது. சாபிர் எட்டி ரிஜிஸ்டரைப் பார்த்தார். பிரபாவதி எம்.ஏ. சுகன்யா பி.எஸ்சி. நித்யகலா எம்.ஏ., பி.எட். பதினொரு மாரிகளும் பட்டம் வாங்கியிருந்தார்கள். பஸ்ஸைவிட்ட மாரி இரண்டு.

மூக்குத்தி மாரிக்குப் பாதிதான் புரிந்தது. “ஆமா மேடம். இனிசியல்.”

சிந்துஜா சிரித்தாள். நகைச்சுவை உணர்ச்சியுள்ள பட்டதாரி என்று நினைத்திருக்க வேண்டும். பிறகு முகம் வாடியது. “இவ்வளவு படிச்சிட்டு ஏங்க பெட்டி அடுக்குறீங்க?”

மாரி, சாபிரைப் பார்த்தாள். சாபிர் கூரையைப் பார்த்தார். கூரை யாரையும் பார்க்கவில்லை.

“படிச்சவுகளுக்கெல்லாம் நாற்காலி போட்டு வச்சிருக்காகளா மேடம்?” என்றாள் மாரி. “எங்க ஊர்ல படிச்ச பயலுக பூராம் டீக்கடையில ஓசிப் பேப்பர்தான் படிக்கான். நாங்களாவது பெட்டி அடுக்குதோம்.”

சிந்துஜா அதை அப்படியே எழுதிக்கொண்டாள். கண்ணோரம்கூட லேசாக ஈரம்.

தப்பித்தோம் என்று சாபிர் நினைத்த அந்தச் சமயத்தில்தான், செல்வலட்சுமியின் கட்டைப் பைக்குள்ளிருந்து தலை நீட்டிய நீள நோட்டு சிந்துஜாவின் கண்ணில் பட்டது. எடுத்தாள். பிரித்தாள்.

“மாரியம்மாள், மாரியம்மாள், மாரியம்மாள்...” விரலால் எண்ணிக்கொண்டே போனாள். “பதினோரு தடவை ஒரே பேரு. மூணு வருஷமும் ஒரே கையெழுத்து. படிவம் இல்லை, பக்க எண் இல்லை.” நிமிர்ந்தாள். “போலி ரிஜிஸ்டர் எப்படி இருக்கும்னு எங்க ட்ரெயினிங்ல சொல்லிக் கொடுத்தாங்க. அச்சு அசல் இப்படித்தான். இது யாரோடது?”

செல்வலட்சுமி வாயைத் திறந்தாள். சாபிர் முந்திக்கொண்டார்.

“எங்களது இல்ல மேடம். கருத்தப்பாண்டின்னு ஒரு ஆளு. எங்களக் கவுக்கணும்னு யாரு மூலமாவோ கொண்டாந்து போட்டிருப்பான்.”

“நினைச்சேன்” என்றாள் சிந்துஜா. ஒரு பிளாஸ்டிக் உறையில் நோட்டைப் போட்டு மேலே எழுதினாள். போலி ஆவணம், பயிற்சி மாதிரி. பிறகு அதைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மூன்று வருடம் எழுதியவள் சுவரைப் பார்த்தபடி நின்றாள். மூக்குத்தி மாரி, சாபிரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை சாபிருக்குப் பிடிக்கவில்லை. காண்டிராக்ட் பிழைத்த சந்தோஷத்தில் அதை மறந்துவிட்டார்.

*

அறிக்கை வந்தது. ஆவணப் பராமரிப்பு மிகச் சிறப்பு. விபத்துப் பதிவேடு மற்ற ஒப்பந்ததாரர்களுக்கு முன்மாதிரி. கருத்தப்பாண்டியை இனி வாசலில் உட்கார வைக்க வேண்டாம் என்று செழியனே வாட்ச்மேன் சுடலையிடம் சொல்லிவிட்டார்.

அறிக்கையில் ஒரே ஒரு குறை. பட்டதாரிப் பெண்களைத் தகுதிக்குக் கீழான வேலையில் வைத்திருப்பது சுரண்டல். அவர்களுக்கு உடனடியாகப் பதவி உயர்வு தந்து, அதற்கான ஆவணத்தை அனுப்ப வேண்டும்.

ஒரு வாரத்தில் பதினொரு மாரிகளும் சூப்பர்வைசர் ஆனார்கள். ஆளுக்கொரு நீலக் கோட்டு, பேட்ஜ், கடமைகள் அச்சிட்ட தாள். கூடவே, ரிஜிஸ்டரில் பெயர் உள்ளவர் தவிர வேறு யாரும் கொட்டகைக்குள் சரக்கைத் தொடக்கூடாது, தொட்டால் ஒப்பந்தம் ரத்து என்று கதவில் ஒரு போர்டும் வந்தது. காண்டிராக்டர் மேல் கம்பெனிக்கு அவ்வளவு நம்பிக்கை.

இருபது பேருக்கும் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி அட்டையும் வந்தது. சண்முகத்தாய்க்கும் கருப்பம்மாளுக்கும் மற்ற ஏழு பேருக்கும் அவரவர் பெயரில். பதினொரு பேருக்கு மணமகள்களின் பெயரில்.

மூக்குத்தி மாரி அட்டையோடு சாபிரிடம் வந்தாள். “பாய், ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரேசன் கார்டுல மாரியம்மா, இதுல ஹேமலதா, யாரும்மா நீ அப்படின்னு வெரட்டி விட்டுட்டாக.”

“ஆடி முடியட்டும் மாரி, பாப்போம்.”

“ஹேமலதாவுக்கு இருமல் இல்லையே பாய். எனக்குத்தான இருமுது. ரிஜிஸ்டர்ல என் பேர மாத்தி எளுதுங்க.”

“எப்பிடி எளுத? அடித்தல் திருத்தல் கூடாது. ஷரத்து.”

“நாங்க மூணு வருசமா வேலை பாத்தது அந்த நோட்டுல இருந்துச்சு. அதையும் தூக்கிக் குடுத்துட்டீக.”

“அது போலின்னு ஆடிட்டரே எளுதிட்டாக. இனி நான் என்ன சொல்ல?”

“அந்த ஷரத்துன்னா அம்புட்டுப் பெரிய ஆளா பாய்?”

“அதுக்கு மேல ஆளே கிடையாது.”

“சரி பாய்” என்றாள் மாரி. நீலக் கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு போனாள்.

*

மும்பை லோடு ஏற வேண்டிய நாள். லாரி காலையிலேயே வந்து நின்றுவிட்டது. கொட்டகைக்குள் நுழைந்த சாபிர் வாசலிலேயே உறைந்தார்.

ஒன்பது பெண்கள் தரையில் உட்கார்ந்து பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களைச் சுற்றிப் பதினொரு நீலக் கோட்டுகள் கைகட்டி நின்றன. அரசாங்க அலுவலகத்தைத் தவிர வேறெங்கும் சாபிர் இப்படி ஒரு காட்சியைக் கண்டதில்லை.

“ஏத்தா மாரி, என்ன இது?”

பதினொரு பேரும் திரும்பவில்லை.

“ஹேமலதா.”

மூக்குத்தி மாரி திரும்பினாள். “சொல்லுங்க பாய்.”

“லோடு நிக்கி. உக்காந்து அடுக்குங்கத்தா.”

மாரி கோட்டுப் பையிலிருந்து கடமைகள் தாளை எடுத்து, கையை நீட்டிப் பிடித்து வாசித்தாள். “சூப்பர்வைசர் சரக்கைக் கையாளக் கூடாது. மேற்பார்வை மட்டுமே செய்ய வேண்டும். உங்க கையெளுத்து இருக்கு பாய். ஸ்டாம்பும் இருக்கு.”

“அது சும்மா பேப்பருக்கு.”

“பேப்பருக்கு மேல ஆளே கிடையாதுன்னு நீங்கதான சொன்னீக.”

“இவுக எல்லாம் மேக்க பாத்து நின்னா நான் மட்டும் எதுக்கு வேகமா அடுக்கணும்?” என்றாள் தரையிலிருந்த சண்முகத்தாய். வேகத்தை இன்னும் குறைத்தாள்.

செழியனுக்குப் போன் போட்டார் சாபிர். வெளியாளைக் கூட்டி வரலாமா? மருத்துவச் சான்றும் பயிற்சிச் சான்றும் இல்லாமல் முடியாது. மாரிகளுக்குச் சொல்லிப் பார்க்கலாமா? மும்பைக்காரன் எப்போது வேண்டுமானாலும் ஆள் அனுப்புவான், சூப்பர்வைசர் கையில் மத்தாப்பு இருந்தால் தொலைந்தோம். “சாயங்காலத்துக்குள்ள லாரி கிளம்பலைன்னா காண்டிராக்ட் இல்ல பாய். கருத்தப்பாண்டி இந்தத் தடவ மாம்பழம் அனுப்பியிருக்காரு.”

சாபிர் திருத்தங்கலுக்கு வண்டியை விரட்டி, கோட்டைச்சாமியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தார்.

“நான் எதுக்கு பாய்?”

“பட்டம் குடுத்தது யாரு? பல்கலைக்கழகம் நீருதான. உக்காந்து அடுக்கும்.”

இருவரும் வேட்டியை மடித்துக் கட்டித் தரையில் உட்கார்ந்தார்கள். கடந்தகாலத்தை அத்தனை அழகாக அடுக்கத் தெரிந்த கோட்டைச்சாமிக்குப் புஸ்வாணம் அடுக்கத் தெரியவில்லை. பதினொரு சூப்பர்வைசர்களுக்கும் கடைசியில் மேற்பார்வை பார்க்க ஏதோ கிடைத்தது.

“அண்ணாச்சி, மூடி தலைகீளா இருக்கு. புள்ளை கால வச்சுச் சிரிக்குது” என்றாள் எம்.ஏ. பிரபாவதி.

“பாய், சக்கரம் ஒண்ணு கொறையுது. எண்ணத் தெரியாதா? எம்புட்டுப் படிச்சிருக்கீக?” என்றாள் டெய்லர் மாரி.

சாபிர் பல்லைக் கடித்துக்கொண்டு அடுக்கினார். அவருக்கு லாரி நகர வேண்டும். அவ்வளவுதான். அதன் பிறகு இந்தப் பதினொரு பேரையும் பார்த்துக்கொள்ளலாம்.

நடுவில் மூக்குத்தி மாரி ஒரு பெரிய ரிஜிஸ்டரும் பேனாவுமாக வந்து குனிந்தாள். “அண்ணாச்சி, உங்க முளுப் பேரு?”

தன் வாழ்நாளில் காலிக் கட்டத்தைச் சகித்துக்கொள்ளாத மனிதர் கோட்டைச்சாமி. நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு உற்சாகமாகச் சொன்னார். “எளுதிக்கோ. சு.கோட்டைச்சாமி. தகப்பனார் பேரு சுப்பையா. படிப்பு எஸ்.எஸ்.எல்.சி. ஆரம்பிச்ச நேரத்தப் போடு, விட்றாத. எளுத்து நல்லா இருக்கும்மா.”

மாரி இருமிக்கொண்டே எழுதினாள். எட்டாம் வகுப்புக் கையெழுத்து. குண்டு குண்டாக, அடித்தல் இல்லாமல் இருந்தது.

*

பொழுது சாயும் முன் லாரிக்குத் தார்ப்பாய் போட்டுக் கட்டினார்கள். சாபிரால் நிமிர முடியவில்லை. இடுப்பைப் பிடித்தபடியே செழியன் அறைக்குள் நுழைந்து, அழைக்காமலே நாற்காலியில் சாய்ந்தார்.

“கிளம்பிருச்சு சார். சாபிர் வாக்குக் குடுத்தா குடுத்ததுதான்.”

செழியன் சிரிக்கவில்லை. மேசையில் இருந்த ரிஜிஸ்டரைத் திருப்பி வைத்தார். சூப்பர்வைசர் தினசரி அறிக்கை.

‘இன்று பதிவேட்டில் பெயர் இல்லாத இருவர் கொட்டகைக்குள் சரக்கைக் கையாண்டனர். ஒன்று சாபிர், காண்டிராக்டர். இரண்டு சு.கோட்டைச்சாமி, த/பெ சுப்பையா, எஸ்.எஸ்.எல்.சி. தொழில், ரிஜிஸ்டர் எழுதுவது. இப்படிக்கு ஹேமலதா, பி.காம்.’

சாபிர் அதை இரண்டு தரம் படித்தார். ஒப்பந்தக் காகிதம் எதையும் அவர் இரண்டு தரம் படித்தது அதுவே முதல் தடவை.

“கிளிச்சிப் போடுங்க சார்.”

“பக்க எண் இருக்கு. உங்க ஆளு போட்டதுதான். இதோட நகல் லோடு பேப்பர்ல சேந்து லாரியிலயே போயிருச்சு.”

“சார், உங்களுக்குத் தெரியாததில்ல. மத்த ரிஜிஸ்டர் பூராம் பொய். பதினோரு பேரும் மாரியம்மா. ஒருத்திகூட பி.காம் இல்ல.”

“எனக்குத் தெரியாதா பாய்? எனக்குச் சாத்தூர். எங்க அக்கா பேரே மாரியம்மாதான்.” செழியன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அம்புட்டு ரிஜிஸ்டர்லயும் ஒரு வரி தப்புக் கண்டுபிடிக்க முடியல. இந்த ஒரு வரியிலதான் மாட்டிக்கிட்டீக.”

“இந்த ஒரு வரிதான சார் நெசம்.”

“அதான் ஒண்ணும் பண்ண முடியல.”

ரத்துக் கடிதம் ஏற்கனவே தட்டச்சாகி இருந்தது. மூன்று நகல். சாபிர் மூன்றிலும் கையெழுத்துப் போட்டார். அதில் அவருக்கு நல்ல பழக்கம்.

வெளியே, வேலை விட்டு பஸ்ஸுக்கு நின்ற பெண்களின் நடுவே மூக்குத்தி மாரி தெரிந்தாள். நீலக் கோட்டை மடித்துக் கையில் வைத்திருந்தாள். சாபிர் அவளிடம் போனார். கத்தத்தான் போனார். கத்த வரவில்லை.

“ஏன் மாரி இப்பிடிப் பண்ணுன? எனக்குக் காண்டிராக்ட் போச்சு. உனக்கு வேலையும் போச்சே.”

“எனக்கு எப்பிடிப் பாய் போகும்? நான்தான் இங்கன வேலையே பாக்கலையே.” ஒரு இருமலை முடித்துவிட்டுத் தொடர்ந்தாள். “கருத்தப்பாண்டி முதலாளி நாளைக்கு வரச் சொல்லியிருக்காக. மொதல்ல பேர எளுதுங்க, அப்புறம்தான் கைய வைப்போம்னு சொல்லிட்டோம். பதினோரு பேரும்.”

பஸ் வந்தது. பத்து மாரிகள் ஏறினார்கள். ஒருத்தி பின்னாலேயே ஓடினாள்.

சாபிர் வண்டியைத் தள்ளிக்கொண்டு கேட்டுக்கு வந்தபோது, நேற்றுவரை சல்யூட் அடித்த சுடலை குறுக்கே கையை நீட்டினான். கையில் வெளியேறுவோர் பதிவேடு.

“ஒப்பந்தம் முடிஞ்சவுக இதுல எளுதிட்டுத்தான் போகணுமாம் பாய். பேரு, நேரம், காரணம்.”

சாபிர் பேரை எழுதினார். நேரத்தை எழுதினார். காரணத்தில் பேனா கொஞ்ச நேரம் நின்றது. பிறகு தெளிவாக, அழுத்தி எழுதினார். மாரியம்மாள்.

சுடலை ரிஜிஸ்டரை வாங்கி, உள்ளே இருந்த ஆள் பட்டியலை எடுத்து, மேலிருந்து கீழாக விரல் வைத்துத் தேடினான். கடைசி வரைக்கும் போய்விட்டுத் தலையை ஆட்டினான்.

“அப்பிடி ஒரு ஆளு நம்ம கம்பெனியில இல்லையே பாய். வேற எதாவது எளுதுங்க.”